சரி செய்த கார் மறுபடியும் நின்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் மைத்துனன் போன் செய்தபோது காலை ஒன்பதரை மணி. பின்னால் லாரிகள் இரைந்துகொண்டு போகும் சத்தம். "அத்தான், வண்டி மறுபடியும் கொதித்துவிட்டது" என்றான். சேரன்மகாதேவி தாண்டி ஒரு புளியமரத்து நிழலில் காரை ஓரங்கட்டியிருந்தான். பின்சீட்டில் என் மாமியார், கண் ஆஸ்பத்திரிச் சீட்டை மடியில் வைத்தபடி. ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடு) மாற்றி, 36,800 ரூபாய் கொடுத்து, திருநெல்வேலி ஒர்க்ஷாப் ஒன்றிலிருந்து வண்டியை எடுத்து 11 நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஓடியது 640 கிலோமீட்டர்.

அத்தையை வாடகைக் காரில் பாளையங்கோட்டைக்கு அனுப்பிவிட்டு அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இப்போது எங்கே போவது? அதே ஒர்க்ஷாப்புக்குத் திரும்புவதா, வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு நஷ்டத்தைத் தலைமுழுகுவதா, யாரையாவது நடுவில் வைத்துப் பேசுவதா, போலீஸ் ஸ்டேஷனா, நுகர்வோர் கோர்ட் என்கிற நுகர்வோர் ஆணையமா? நம் பக்கத்தில் ஜனங்கள் போகிற வழிகள் இவைதான். அவனுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே இடத்தில் நின்று, தவறான வழியில் போய்ப் பணத்தை இழந்தவன் நான்.

மூன்று வருடத்துக்கு முன்பு என் பழைய காருக்குக் கிளட்ச் மாற்றினேன். 14,500 ரூபாய். மூன்றாவது வாரம் பாபநாசத்திலிருந்து காரையாறு நோக்கி மலை ஏறும்போது என்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை, கருகிய நாற்றம் மூக்கில் ஏறுகிறது. கோபத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பிளேட் முழுக்க எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகுவதைக் கவனிக்காமல் புது பிளேட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அதைத் துணியில் சுற்றிக்கொண்டு முதல் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது நான் போட்ட பிளேட்தான் என்பதற்கு என்ன சாட்சி, அண்ணாச்சி? பிரித்தபோது நான் அங்கே இல்லையே." பில்லில் 'கிளட்ச் வேலை' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் ஒன்றும் இல்லை. பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன். அந்தக் கேள்வி நியாயமானது என்பதை ஒப்புக்கொள்ள அன்று மனம் வரவில்லை. இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அதனால்தான் மைத்துனனிடம் முதல் வார்த்தையாகச் சொன்னேன்: எங்கே போவது என்பதை நாளைக்கு யோசிக்கலாம், அதுவரை அந்த என்ஜினில் யாரும் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. மேலே சொன்ன ஐந்து வழிகளில் எது நல்லது என்பதே, பிரிக்காத என்ஜின் கையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

பிரிப்பதற்கு முன்னால்

வெப்பமானி முள் ஏறியதும் அவன் வண்டியை அணைத்துவிட்டான். அது பெரிய காரியம். முள் சிவப்பில் நிற்கும்போதே "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே" என்று ஓட்டியிருந்தால், ஒர்க்ஷாப்காரர் கையில் நாமே ஒரு பதிலைக் கொடுத்ததாகிவிடும். முள், கிலோமீட்டர் எண், வழிந்து கிடந்த கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), வண்டி நின்ற இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தான். ரெக்கவரி வண்டிக்கும் வாடகைக் காருக்கும் ரசீது வாங்கி வைத்தான்.

அன்று மாலை அம்பாசமுத்திரத்தில் ஒரு மெக்கானிக் எங்கள் எதிரில் சோதித்துக் காட்டினார். நன்றாக ஆறியிருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து, அதன் வாயில் ஒரு குழாயைப் பொருத்தினார். உள்ளே நீலத் திரவம். என்ஜினை ஓடவிட்டு, மேலே இருந்த ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி, ரேடியேட்டருக்குள் தேங்கிய காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுத்தார். நல்ல என்ஜினில் நீலம் நீலமாகவே நிற்க வேண்டும். எரிந்த புகை கூலன்ட்டுக்குள் கசிந்தால், புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு திரவத்தின் நிறத்தை மாற்றிவிடும். இது பெட்ரோல் வண்டி. இரண்டு நிமிடத்தில் நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகிவிட்டது. மைத்துனன் முதலிலிருந்து கடைசி வரை வீடியோ எடுத்தான்.

அந்த மெக்கானிக்கிடம் நாங்கள் கேட்டது ஒரு தாள். தேதி, வண்டி எண், கிலோமீட்டர், செய்த சோதனை, சிலிண்டருக்கும் கூலன்ட் வழிக்கும் இடையே கசிவு இருக்கிறது என்ற கருத்து, 'என்ஜின் பிரிக்கப்படவில்லை' என்ற வரி, கையெழுத்து, கடை முத்திரை. 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். இந்த விவகாரத்தில் செலவழித்த பணத்தில் இதைப்போல் உதவியது வேறில்லை. பக்கத்து மெக்கானிக்குகள் இப்படி எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள், ஒரே தொழிலில் இருப்பவர்களுக்குள் மனக்கசப்பு எதற்கு என்பார்கள். அவர் தயங்கினால், வாகன விபத்துச் சேதம் மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைக்கலாம்.

ஒர்க்ஷாப்பின் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கேஸ்கெட் இரண்டாவது முறை போனால் அது அவர்கள் தவறுதான் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. என்ஜின் ஒருமுறை நன்றாகக் கொதித்தால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அதன் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) செருகிப் பார்க்க வேண்டும். பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி ஃபேசிங், அதாவது பரப்பைச் சீவித் தட்டையாக்கும் வேலை, செய்தாக வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், இரண்டு மூன்று தடவையாக, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். சில என்ஜின்களில் பழைய போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது, ஒருமுறை இழுபட்டு நீண்ட போல்ட் மறுபடி அதே பிடிப்பைத் தராது. கடைசியில் கூலன்ட் ஊற்றும்போது உள்ளே காற்று தங்காமல் வெளியேற்ற வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அது ஒர்க்ஷாப்பின் குறை.

ஆனால் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பு படிந்த வண்டிகள் நம் ஊரில் ஏராளம். "ரேடியேட்டரையும் மாற்றிவிடலாம்" என்று மெக்கானிக் சொல்லி, செலவுக்குப் பயந்து நாம் வேண்டாம் என்றிருந்தால், பழியில் பாதி நம்முடையது. மைத்துனனைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ரேடியேட்டர் பேச்சே வரவில்லை என்றான். முதல் முறை ஏன் கொதித்தது என்று அவர்கள் தேடினார்களா என்று கேட்டேன். அதற்கு அவனிடம் பதில் இல்லை. கேஸ்கெட் போனது விளைவு, கொதித்ததற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கும். அதைத் தேடாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது.

அதே ஒர்க்ஷாப்புக்குத் திரும்புவது

எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலானவர்களுக்கு இதுதான் முதலில் போக வேண்டிய வழி. செலவு குறைவு, நாளும் குறைவு. தன் வேலையைத் தானே சரி செய்யத் தயாராக இருக்கும் மெக்கானிக்குகள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தலைமுறையாக ஒரே பட்டறையில் வண்டி விடும் வழக்கம் இங்கே உண்டு, பெயர் கெட்டுப்போகும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும், "சரி செய்ய வாய்ப்புக் கொடுத்தேன், செய்யவில்லை" என்று சொல்ல முடிவது நமக்குப் பலம்.

இதில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது தாட்சண்யம். "தாட்சண்யம் தன நாசம்" என்று சும்மாவா சொன்னார்கள்? டீ வரவழைத்து, "விட்டுவிட்டுப் போங்கள் தம்பி, பார்த்துக்கொள்கிறேன்" என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இருக்காது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுவேலை. கசிவை அடைக்கும் மருந்தை ரேடியேட்டரில் ஊற்றி, சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் முள் சில வாரம் அடங்கி நிற்கும். அந்தச் சில வாரத்தில் ஹெட்டின் வளைவு அப்படியேதான் இருக்கும், நம் சாட்சியம் கரைந்துவிடும்.

ஆகவே திரும்பிப் போவதென்றால் கடிதத்தோடு போக வேண்டும். எங்கள் கடிதம் ஒரு பக்கம்தான். என்ன வேலைக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தோம், எத்தனை கிலோமீட்டரில் என்ன நடந்தது, சோதனையில் என்ன தெரிந்தது என்ற மூன்று பத்தி. பிறகு நாங்கள் கேட்பது: எங்கள் எதிரில் என்ஜினைப் பிரிக்க வேண்டும், ஹெட்டின் தட்டையை அளந்து காட்ட வேண்டும், கழற்றும் பாகங்களை எங்களிடம் தர வேண்டும், வேலையில் குறை என்று தெரிந்தால் கூலியும் உதிரிபாகமும் வாங்காமல் சரி செய்ய வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 15 நாள் அவகாசம். சூடான சொல் ஒன்றுகூட இல்லை. 'ஏமாற்றினீர்கள்' என்று மைத்துனன் எழுதியிருந்த இடத்தில் 'வேலையில் குறை இருப்பதாகக் கருதுகிறோம்' என்று மாற்றினேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நாளைக்கு இதே கடிதத்தை ஒரு நீதிபதி படிக்கலாம் என்ற நினைப்போடு எழுத வேண்டும். ஒப்புகையுடன் தபாலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. வாட்ஸ்அப் உரையாடலையும் பணம் அனுப்பிய பதிவையும் போன் மாற்றும்போது அழித்துவிடக் கூடாது.

கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் என்றால் இந்த வழி இன்னும் நேரானது. வேலைச் சீட்டு இருக்கும், பில் இருக்கும், செய்த வேலைக்கான உத்தரவாதம் பில்லின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அங்கே மேலாளரோடு நின்றுவிடாமல் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் எழுத வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இத்தகைய பெரிய நிறுவனங்களிடம் நன்றாக வேலை செய்கிறது, தமிழிலும் பேசலாம். ஒரு லிஃப்டும் நாலு பையன்களும் வைத்து நடத்தும் சிறு ஒர்க்ஷாப்பிடம் அந்த எண்ணால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை.

பிரேக், ஸ்டீயரிங் வேலைகளில் குறை என்றால் மட்டும் திரும்பிப் போகாதீர்கள். வண்டியை ஓட்டியும் போகாதீர்கள். ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும், அதுவும் வேறு இடத்துக்கு. பழைய பாகத்தைப் போட்டுவிட்டுப் புதியதென்று பில் போட்டிருப்பது தெரிந்தாலும் அப்படித்தான். கைப்பிழையை மன்னிக்கலாம், பொய்யை நம்பி இன்னொரு முறை சாவியைக் கொடுக்க முடியாது.

பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால்

சிலருக்கு வண்டியை எடுக்கும்போதே குறை தெரிந்துவிடும். "சரி செய்தால்தான் பணம்" என்பார்கள், "பணம் கொடுத்தால்தான் வண்டி" என்பார் ஒர்க்ஷாப்காரர். இதில் சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170-இன்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளில் உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர் தன் கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். சட்டமே இரண்டு உதாரணம் சொல்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, தீட்டி முடித்த நகைத் தொழிலாளி கூலி வரும்வரை தராமல் இருக்கலாம். ஆனால் தைத்ததும் கொடுத்துவிடுகிறேன், பணத்துக்கு மூன்று மாதத் தவணை என்று ஒப்புக்கொண்ட தையல்காரர் கோட்டை நிறுத்தி வைக்க முடியாது. "மீதியை அடுத்த மாதம் கொடுங்கள் அண்ணாச்சி" என்று ஒர்க்ஷாப்காரர் சொன்ன செய்தி உங்கள் போனில் இருந்தால் உங்களுக்குப் பொருந்துவது அந்த இரண்டாவது உதாரணம்.

அப்படி ஒன்றும் இல்லை, வண்டி அவசரம் என்றால், பணத்தைக் கொடுத்துவிட்டு அந்த நிமிடமே "வேலையில் இன்ன குறை இருக்கிறது, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பணம் கொடுத்ததாலேயே வேலையை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஒர்க்ஷாப் வாசலில் நின்று சத்தம் போடுவதால் சாவி கைக்கு வருவதில்லை.

வேறு மெக்கானிக், நஷ்டத்தோடு

நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் வேலை என்றால் இதுவே புத்திசாலித்தனம். அலைச்சலின் கூலி அதைவிட அதிகம். வண்டியை வைத்துத்தான் சாப்பாடு என்பவருக்கும் பல நேரம் வேறு வழியில்லை. சீசன் நாளில் குற்றாலத்துக்கு ஓட்டுகிறவர் ஒரு வாரம் வண்டியை நிறுத்தினால் ஒரு வருமானமே போயிற்று.

ஆனால் வேறு மெக்கானிக்கிடம் கொடுப்பதும் உரிமையைக் கைவிடுவதும் ஒன்றல்ல. நான் கிளட்ச் விஷயத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். சோதனைத் தாள் வாங்கி, முதல் ஒர்க்ஷாப்புக்கு எழுதி, "இன்ன தேதியில் இன்ன இடத்தில் பிரிக்கிறோம், வந்து பாருங்கள்" என்று அழைத்து, அவர் வராவிட்டால் வீடியோ எடுத்துப் பிரித்து, பழுதான பாகத்தைச் சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்தி, இரண்டாவது பில்லை வாங்கி வைத்தால், வண்டியும் ஓடும், வழக்கும் உயிரோடு இருக்கும். இவ்வளவையும் ஒரு வாரத்துக்குள் செய்துவிடலாம். விக்கிரமசிங்கபுரத்தில் அந்த ஒரு வாரம் பொறுக்காததன் விலை எனக்கு 14,500 ரூபாய்.

இன்சூரன்ஸில் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண வாகனக் காப்பீடு இயந்திரப் பழுதுக்குப் பணம் தராது. விபத்து என்று எழுதி வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது மோசடி, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நடுவில் ஒருவரை வைத்துப் பேசுவது

நம் ஊரில் பாதி விவகாரம் இப்படித்தான் தீர்கிறது. நடுவில் யாரை வைக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. கட்சிக்காரரையோ சாதிப் பெரியவரையோ அழைத்துப் போனால் அவருடைய பலத்துக்கு எதிராளி வளைவார். அந்த வளைவு மனதுக்குள் பகையாக நிற்கும். தொழில் தெரிந்தவராக இருப்பது நல்லது. ஒர்க்ஷாப்காரர் வழக்கமாக ஸ்பேர் வாங்கும் கடையின் முதலாளி சொன்னால் அவர் கேட்பார். அங்கே கடன் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், எந்தப் பாகம் எந்தத் தேதியில் வாங்கப்பட்டது என்பதும் அந்தக் கடை நோட்டில் இருக்கும். லேத் பட்டறைக்காரரிடம் போய், "இந்த ஹெட் உங்களிடம் ஃபேசிங்குக்கு வந்ததா?" என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

பேசி முடித்ததை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பெரியவர் முன்னிலையில் எழுத்து எதற்கு என்பார்கள், எழுதத்தான் வேண்டும்.

இதையே சட்டத்தின் நிழலில் செய்ய ஓர் இடம் இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குத் தொடுக்கும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். கட்டணம் கிடையாது. அங்கே முடிந்த சமரசம் சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இந்த உதவி உண்டு, மைத்துனனின் கார் அத்தை பெயரில் இருப்பது, அங்கே போக நேர்ந்தால் பயன்படும். ஒரு குறை, எதிராளி வர மறுத்தால் மக்கள் நீதிமன்றம் அவரைக் கட்டாயப்படுத்தித் தீர்ப்புச் சொல்லாது.

போலீஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலை சரியில்லை என்பது உரிமையியல் தகராறு. ஸ்டேஷனில் ஒரு மனு ரசீது கொடுத்து, இருவரையும் கூப்பிட்டுப் பேசி அனுப்புவார்கள், எந்த வேலை தவறு என்று அளந்து சொல்வது அவர்கள் பணியல்ல. பணம் முழுவதும் கொடுத்த பிறகும் வண்டியைத் தர மறுக்கிறார், நல்ல பாகத்தைக் கழற்றி எடுத்துவிட்டார் என்றால் அது வேறு, அப்போது தயங்காமல் போகலாம்.

நுகர்வோர் ஆணையம்

கடைசி வழி இது என்று நினைத்துப் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. 1986-ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு எதிராளி இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டும். இப்போது புகார் கொடுப்பவர் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். நாகர்கோவிலில் வண்டியை விட்டு வள்ளியூருக்குத் திரும்பியவர் நாகர்கோவிலுக்கு வாய்தா வாய்தாவாக அலைய வேண்டியதில்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. கோரும் நஷ்டஈடு அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகைதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை. இணையம் வழியாகவும் மனு செய்யலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் செய்ய வேண்டும். ஒர்க்ஷாப்காரர் "அடுத்த மாதம், அடுத்த மாதம்" என்று இழுப்பது இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது.

பில் கொடுக்கவில்லையே, எப்படி வழக்குப் போடுவது என்று கேட்பார்கள். வேலைக்குப் பில் கொடுக்காமல் இருப்பதையே இந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் செய்தியும் இருந்தால் பில் இல்லாத குறையைப் பெருமளவு ஈடு செய்யலாம். நோட்டாக எண்ணிக் கொடுத்து, வாய்ப்பேச்சோடு முடித்திருந்தால்தான் கஷ்டம். இனி ஐந்நூறு ரூபாய் வேலைக்கும் பணத்தைப் போன் வழியாகவே கொடுங்கள்.

நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்தரப்பு பதில் தர வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. சமரசம் சாத்தியம் என்று தோன்றினால் ஆணையமே மத்தியஸ்தத்துக்கு அனுப்பும். ஆய்வு தேவைப்படாத புகாரை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நாளாகும், ஒரு வருடத்துக்கு மேல் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் போக வேண்டும். அதுவரை கார் ஷெட்டில் நிற்க முடியாது. முன்பு சொன்ன பிரிப்பும் வீடியோவும் சீட்டு ஒட்டிய பாகமும் இந்த இடத்தில்தான் நம்மைக் காப்பாற்றும்.

என்ன கேட்கலாம்? கொடுத்த பணம் அல்லது மறுபடி செய்த செலவு, ரெக்கவரி வண்டி, வாடகைக் கார், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. 36,800 ரூபாய் வேலைக்கு 10 லட்சம் கேட்காதீர்கள், மற்றக் கோரிக்கைகளின் மேலுள்ள நம்பிக்கையையும் அது கெடுக்கும். தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து ஒர்க்ஷாப்காரர் மேல்முறையீடு செய்ய விரும்பினால், 45 நாளுக்குள், தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும். தீர்ப்பை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவரை இந்தச் சட்டம் நுகர்வோராக ஏற்காது. நாலைந்து வண்டி வைத்து டிராவல்ஸ் நடத்துபவர்களும், சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுபவர்களும் ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு இறங்குவது நல்லது.

எங்கள் முடிவு

எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தபோது, மைத்துனனுக்குக் கடிதத்தோடு அதே இடத்துக்குத் திரும்புவதுதான் சரி என்று பட்டது. தொகை விட்டுவிடும் அளவுக்குச் சிறியதல்ல, ஒர்க்ஷாப்காரர் பொய் சொன்னதாகவும் தெரியவில்லை, அத்தைக்கு அடுத்த மாதமும் ஆஸ்பத்திரி இருக்கிறது. 15 நாளில் பதில் இல்லை என்றால் அம்பாசமுத்திரத்தில் வீடியோவோடு பிரித்துச் சரி செய்துகொண்டு ஆணையத்துக்குப் போவது. அதற்கான மனு எழுதி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஆறாவது நாள் ஒர்க்ஷாப்காரரே போன் செய்தார். கடிதம் கிடைத்ததில் அவருக்கு வருத்தம். "போனில் சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு, "சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள், உங்கள் முன்னாலேயே ஹெட்டை இறக்குகிறேன்" என்றார். ஹெட் வளைந்திருந்தால் ஃபேசிங், கேஸ்கெட், போல்ட், கூலி எல்லாம் அவர் பொறுப்பு. ரேடியேட்டரில் அடைப்பு என்றால் ரேடியேட்டர் விலை எங்களுடையது, கூலி அவருடையது. பேசியதை மைத்துனன் அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினான். கால் மணி நேரம் கழித்து "சரி" என்று பதில் வந்தது.

அம்பாசமுத்திரத்து மெக்கானிக்கும் எங்களோடு வரச் சம்மதித்திருக்கிறார். தன்னுடைய நேர்விளிம்புச் சட்டத்தையும் ஃபீலர் கேஜையும் எடுத்து வருகிறாராம். எங்களிடம் ஒரு வெள்ளைத் துணி மட்டும் கொண்டுவரச் சொன்னார், கழற்றும் போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே பரப்பி வைப்பதற்கு.